திடீரெனக் காது கேட்காமல் போனால்: ஒட்சிசன் சிகிச்சை யாருக்கு, எப்போது?

ஊர் திரும்பியதும் வீடு, கிணறு, காணி, பிள்ளைகளின் பள்ளிக்கூடம் என்று பார்க்க வேண்டிய வேலைகள் பல இருக்கும். காது கேட்பது குறைந்திருப்பதையோ, காதுக்குள் ஓயாமல் இரைவதையோ பலர் அந்த நேரத்தில் பெரிதாக எடுப்பதில்லை. “செல் விழுந்த நாள் தொடக்கம் இப்படித்தான்” என்று சொல்லிப் பழகிவிட்டவர்களும் உங்கள் குடும்பத்தில் இருக்கலாம்.

இன்னொரு பக்கம், வெளிநாட்டிலுள்ள உறவினர்கள் தொலைபேசியில் ஒட்சிசன் சிகிச்சை பற்றிச் சொல்லியிருக்கலாம். அதிக அமுக்கமுள்ள அறைக்குள் இருந்து ஒட்சிசன் சுவாசித்தால் காது திறக்கும், இரைச்சல் நிற்கும் என்று கேள்விப்பட்டு, நகையை அடகு வைத்தாவது போவோமா என்று நீங்கள் யோசித்துக்கொண்டிருக்கலாம்.

அந்தச் சிகிச்சை உண்மையானதுதான். ஆனால் அது உதவக்கூடியது மிகச் சிலருக்கே; அதுவும் மிகக் குறுகிய காலத்துக்குள் மட்டுமே. பணம் செலவழிக்க முன்னர், உங்கள் காதில் உள்ளது பழைய பாதிப்பா, புதிதாகத் திடீரென வந்ததா என்று பிரித்தறியுங்கள். பழையதென்றால் அவசரப்பட்டுப் பணத்தைக் கொடுக்காதீர்கள். புதிதென்றால் ஒரு நாளையும் வீணாக்காதீர்கள்.

காதுக்குள் என்ன நடக்கிறது?

காதின் வெளிவழியால் வரும் ஒலி செவிப்பறையில் படுகிறது. அதற்கு அப்பால் உள்ள மூன்று சிறு எலும்புகள் அந்த அதிர்வை உட்காதுக்குக் கொண்டுபோகின்றன. உட்காதில் நத்தை ஓடு போலச் சுருண்ட ஓர் உறுப்பு உண்டு. அதனுள் ஏறத்தாழ 15,000 நுண்ணிய மயிர்க்கலங்கள் இருக்கின்றன. இவையே அதிர்வை நரம்புச் செய்தியாக மாற்றி மூளைக்கு அனுப்புகின்றன.

மயிர்க்கலங்களைப் பற்றி இரண்டு விடயங்களை அறிந்திருங்கள். முதலாவது, மனிதரில் அவை ஒருமுறை இறந்தால் மீண்டும் முளைப்பதில்லை. இரண்டாவது, அவை இடைவிடாது வேலை செய்வதால் ஒட்சிசன் அதிகம் தேவை. ஆனால் உட்காதுக்குக் குருதி கொண்டுவருவது பெரும்பாலும் மெல்லிய ஒரே நாடிதான். அந்த வழி தடைப்பட்டால் உதவிக்கு வேறு வழி இல்லை. ஒட்சிசன் சிகிச்சை பற்றிய எண்ணம் இங்கிருந்தே வந்தது.

திடீர் காது கேளாமை என்றால் என்ன?

காலையில் எழும்பும்போது ஒரு காது கேட்கவில்லை. அல்லது தொலைபேசியைக் காதில் வைத்தபோது அந்தப் பக்கம் ஒன்றும் விளங்கவில்லை. “டப்” என்ற சத்தம் கேட்டு, பின் காது அடைத்தது போல இருக்கிறது. இரைச்சல் தொடங்குகிறது, சிலருக்குத் தலைச்சுற்றும் வருகிறது. இப்படி மூன்று நாட்களுக்குள், அதாவது 72 மணித்தியாலத்துக்குள், உட்காதின் அல்லது நரம்பின் கேட்கும் சக்தி பெருமளவு குறைவதையே வைத்தியர்கள் திடீர் செவிப்புலன் இழப்பு என்கிறார்கள். பெரும்பாலும் ஒரு காதிலேயே இது வரும். வலி இருக்காது. வலி இல்லாததால்தான் பலர் நாட்களைக் கடத்திவிடுகிறார்கள்.

பத்தில் ஒன்பது பேருக்குச் சரியான காரணம் தெரியவருவதில்லை. வைரசுத் தொற்று, உட்காதின் குருதியோட்டத்தில் தடை போன்றவை காரணமாக இருக்கலாம் எனக் கருதப்படுகிறது. கூகைக்கட்டு வந்த பிள்ளைக்கும் ஒரு காது இவ்வாறு போகக்கூடும்.

குரும்பி அடைப்பா, நரம்பா?

தடிமன் பிடித்தாலும், குளித்தபின் குரும்பி ஊறினாலும் காது அடைக்கும். அது இலகுவாகத் தீரக்கூடியது. இரண்டையும் ஓரளவு வேறுபடுத்த வீட்டில் ஒரு சிறு சோதனை செய்து பார்க்கலாம்.

முதலில் ஒரு விடயத்தைக் கவனியுங்கள். நன்றாகக் கேட்கும் ஒரு காதை விரலால் பொத்திக்கொண்டு, வாயை மூடி “ம்ம்ம்” என்று முனகினால், பொத்திய பக்கத்தில்தான் சத்தம் கூடக் கேட்கும். அடைப்பு உள்ள காதும் அப்படித்தான். இப்போது இரு காதுகளையும் பொத்தாமல் “ம்ம்ம்” என்று முனகுங்கள்.

- சத்தம் கேளாத காதின் பக்கம் கூடக் கேட்டால், குரும்பி அல்லது சளியினால் வந்த அடைப்பாக இருக்கலாம்.
- சத்தம் நல்ல காதின் பக்கம் கூடக் கேட்டால், உட்காது அல்லது நரம்பு பாதிக்கப்பட்டிருக்கலாம். அன்றைக்கே வைத்தியசாலைக்குப் போங்கள்.

இது வைத்தியரின் பரிசோதனைக்கு ஈடாகாது. விடை எதுவாயினும் திடீரெனக் கேட்காமல் போன காதை வைத்தியரிடம் காட்டியே ஆகவேண்டும்.

உடனே செய்ய வேண்டியவை

1. காதுக்குள் தேங்காயெண்ணெய், மூலிகைச் சாறு, தண்ணீர் எதுவும் விடாதீர்கள். கோழி இறகு, நெருப்புக்குச்சி, கொண்டை ஊசி விட்டுக் கிண்டாதீர்கள். செவிப்பறையில் ஓட்டை இருந்தால் இவை பெருந்தீங்கு செய்யும்.

2. அருகிலுள்ள அரசாங்க வைத்தியசாலையின் வெளிநோயாளர் பிரிவுக்கு அன்றைக்கே, பிந்தினால் மறுநாளே போங்கள். அங்கே இப்படிச் சொல்லுங்கள்: “நேற்றுக் காலைவரை இந்தக் காது நன்றாகக் கேட்டது. இப்போது திடீரெனக் கேட்கவில்லை. காது, மூக்கு, தொண்டை வைத்தியரிடம் அனுப்பிவிடுங்கள்.” எந்த நாள், எத்தனை மணிக்குத் தொடங்கியது என்பதைக் கட்டாயம் சொல்லுங்கள். “கொஞ்ச நாளாகக் கேட்குதில்லை” என்று பொதுவாகச் சொன்னால் அவசரம் விளங்காமல் போகலாம்.

3. காதுக்குள் பார்த்து அடைப்பு இல்லையென்றால், ஓடியோகிராம் எனப்படும் கேட்டல் பரிசோதனை செய்யப்படும். அந்தப் படிவத்தின் பிரதியைக் கேட்டு வாங்கி வைத்திருங்கள். இடப்பெயர்வில் கிளினிக் கொப்பிகள், பழைய அறிக்கைகள் தொலைந்துபோனவர்கள் இப்போதாவது ஒரு புதிய கோவையைத் தொடங்குங்கள். காது முன்னேறுகிறதா என்பதைப் பிற்பாடு ஒப்பிட்டுப் பார்க்க முதல் அறிக்கை தேவை.

4. வைத்தியர் பெரும்பாலும் ஸ்ரீரொயிட் வகை மருந்து தருவார். பிரெட்னிசலோன் என்ற குளிசை அதில் ஒன்று. இது விலை குறைந்தது. ஒட்சிசன் அறையைத் தேடி அலைவதற்கு முன் கிடைக்கக்கூடியது. இரண்டு கிழமைகளுக்குள் தொடங்குவதே நல்லது. எவ்வளவு முந்துகிறதோ அவ்வளவு நன்மை. சிலருக்கு அதே மருந்தைச் செவிப்பறையினூடாக ஊசியால் காதுக்குள் செலுத்துவதும் உண்டு. குளிசைக்குக் குணம் காணாதவர்களுக்கும் இது ஒரு வழி.

5. நீரிழிவு, உயர் குருதியமுக்கம், வயிற்றுப்புண், காசநோய் இருந்தாலோ முன்னர் இருந்தாலோ, கர்ப்பமாக இருந்தாலோ மருந்து எழுத முன்னரே வைத்தியரிடம் சொல்லுங்கள். ஸ்ரீரொயிட் குளிசை குருதியில் சீனியைக் கூட்டும். கடையில் நீங்களாகவே வாங்கிக் குடிக்காதீர்கள். சொன்ன நாளுக்கு முன் நிறுத்தவும் வேண்டாம்.

காது கேளாமையுடன் முகம் ஒருபக்கம் கோணினால், பேச்சுக் குழறினால், கை கால் மரத்தால், நிற்க முடியாத அளவு தள்ளாடினால் அது பாரிசவாதமாக இருக்கலாம். உடனே 1990 இலக்கத்துக்கு அழைத்து இலவச அம்புலன்ஸைக் கேளுங்கள்.

சிகிச்சை எடுத்தாலும் எடுக்காவிட்டாலும், மூன்றில் ஒரு பங்கு முதல் மூன்றில் இரு பங்கு வரையானோருக்குக் கேட்கும் சக்தி ஓரளவாவது தானாகத் திரும்புவதாகக் கணிக்கப்பட்டுள்ளது. அதனால் “இந்தத் தைலத்தால் சுகமாயிற்று”, “அந்த அறைக்குப் போனதால் சுகமாயிற்று” என்று ஒருவர் சொல்வதை மட்டும் வைத்து முடிவெடுக்காதீர்கள். அவருக்குத் தானாகவே சுகம் வந்திருக்கலாம். அதேவேளை, தானாகத் திரும்பும் என்று காத்திருப்பதும் பிழை. உங்கள் காது எந்தப் பக்கம் போகும் என்று முன்கூட்டியே யாராலும் சொல்ல முடியாது.

ஒட்சிசன் சிகிச்சை என்றால் என்ன?

வாட்டில் மூச்சுத் திணறுபவருக்கு முகமூடி வைத்து ஒட்சிசன் கொடுப்பதைப் பார்த்திருப்பீர்கள். இது அதுவல்ல. சிலிண்டர் வாங்கி வீட்டில் வைத்துச் சுவாசிப்பதும் இதுவல்ல. அதனால் காதுக்குப் பயனில்லை, தீப்பற்றும் ஆபத்தும் உண்டு.

இந்தச் சிகிச்சையில் நோயாளி இறுக மூடிய உலோக அறைக்குள் இருப்பார், அல்லது படுத்திருப்பார். உள்ளே அமுக்கம் சாதாரண வளிமண்டல அமுக்கத்தின் 2 முதல் 2.5 மடங்கு வரை கூட்டப்படும். கடலில் 10 முதல் 15 மீற்றர் ஆழத்தில் உடலில் ஏற்படும் அமுக்கத்துக்கு இது சமன். அந்த அமுக்கத்தில் தூய ஒட்சிசனைச் சுவாசிக்க வேண்டும். நாம் சுவாசிக்கும் காற்றில் ஒட்சிசன் 21 வீதம் மட்டுமே. குருதியின் செங்கலங்கள் சாதாரணமாகவே ஒட்சிசனால் ஏறத்தாழ நிறைந்திருப்பதால், மேலதிக ஒட்சிசன் குருதியின் நீர்ப்பகுதியில் கரைந்து உட்காதுவரை செல்கிறது. குருதி குறைவாக வரும் இடத்திலும், இறக்காமல் சோர்ந்துபோயிருக்கும் கலங்கள் பிழைக்க அது உதவக்கூடும் என்பதே எதிர்பார்ப்பு.

ஒரு தடவை ஏறத்தாழ ஒன்றரை மணித்தியாலம் எடுக்கும். வழக்கமாக 10 முதல் 20 தடவைகள், நாளுக்கு ஒன்றாகச் செய்வார்கள். அறை ஊரில் இல்லையென்றால் அத்தனை நாட்களும் வெளியூரில் தங்க வேண்டும். தங்கும் செலவு, சாப்பாடு, கூடப் போபவரின் நாட்கூலி, வீட்டில் விட்டுச்செல்லும் பிள்ளைகள் என எல்லாவற்றையும் கணக்கில் எடுங்கள்.

யாருக்கு உதவலாம்?

2012ஆம் ஆண்டில் வெளியான கொக்ரேன் மதிப்பீடு, 7 ஆய்வுகளில் பங்குபற்றிய 392 பேரின் முடிவுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்தது. காது அண்மையில் கேளாமற் போனவர்களிடம் இந்தச் சிகிச்சையால் கேட்டல் ஓரளவு முன்னேறியிருந்தது. ஆனால் அந்த முன்னேற்றம் நாளாந்த வாழ்வில் எவ்வளவு பயன் தரும் என்பது தெளிவாகவில்லை. நாட்பட்ட காது கேளாமைக்கும் நாட்பட்ட இரைச்சலுக்கும் பயன் இருப்பதாகச் சான்று கிடைக்கவில்லை.

அமெரிக்கக் காது, மூக்கு, தொண்டை வைத்தியர்களின் 2019ஆம் ஆண்டு வழிகாட்டலும் இதற்கு ஒத்ததே. காது போய் இரண்டு கிழமைக்குள் ஸ்ரீரொயிட் மருந்துடன் சேர்த்துச் செய்யலாம். முதற் சிகிச்சை பலன் தராதவர்களுக்கு ஒரு மாதத்துக்குள் மீட்பு முயற்சியாக, அப்போதும் ஸ்ரீரொயிட் மருந்துடன் சேர்த்தே செய்யலாம் என்கிறது. “கட்டாயம் செய்ய வேண்டும்” என்று அது சொல்லவில்லை. வைத்தியரும் நோயாளியும் கலந்து தீர்மானிக்கும் ஒரு தெரிவு என்றே சொல்கிறது.

ஆகவே அறை அருகில் இல்லாவிட்டால் மனம் உடைய வேண்டாம். முதலில் வேண்டியது நேரத்துக்குக் குளிசை. ஒட்சிசன் அதற்கு மேலதிகமானது. ஒட்சிசன் அறை தேடி அலைந்து குளிசை தொடங்குவதைப் பிந்தவிட்டால் நட்டமே மிஞ்சும்.

யாருக்கு உதவாது?

- பல வருடங்களுக்கு முன் செல், குண்டு, கண்ணிவெடிச் சத்தத்தால் கேட்கும் சக்தி குறைந்தவர்களுக்கு.
- மாதக்கணக்காக, வருடக்கணக்காகக் காது இரைபவர்களுக்கு.
- வயது போகப் போகக் கேள்வி குறைந்தவர்களுக்கு.
- பிறவியிலேயே காது கேளாத பிள்ளைகளுக்கு.

இவர்களில் யாருக்காவது “முழுச் சுகம் நிச்சயம்” என்று ஒருவர் சொன்னால் நம்பாதீர்கள். இறந்த மயிர்க்கலத்தை ஒட்சிசனால் உயிர்ப்பிக்க முடியாது.

சுழியோடிகளின் கவனத்துக்கு

கடலட்டை பிடிக்கவும் சங்கு குளிக்கவும் ஆழக்கடலில் சுழியோடுபவர்கள் உங்கள் வீட்டில் இருந்தால் இந்தப் பகுதியை அவர்களுக்கு வாசித்துக் காட்டுங்கள். சிலிண்டருடன் ஆழத்துக்குச் சென்று, விரைவாக மேலே வந்தபின் காது கேட்காமல் போனால், தலைச்சுற்று, வாந்தி, மூட்டு வலி, கால் விறைப்பு வந்தால், குருதியிலும் இழையங்களிலும் வாயுக் குமிழிகள் உருவாகியிருக்கலாம். இந்த நிலையில் அமுக்க அறைதான் முதன்மையான சிகிச்சை. இங்கு மணித்தியாலங்களே கணக்கு. மீண்டும் கடலுக்குள் இறங்கிச் சரிசெய்யப் பார்க்காதீர்கள். உடனே வைத்தியசாலைக்குச் சென்று, “சுழியோடிவிட்டு வந்தபின் இப்படி” என்று முதல் வசனமாகச் சொல்லுங்கள். இலங்கையில் இத்தகைய அறைகள் மிகச் சிலவே. திருகோணமலையில் கடற்படையினரின் அறையில் சுழியோடிகளுக்குச் சிகிச்சை அளிக்கப்பட்டு வந்துள்ளது. எங்கு அனுப்புவது என்பதை வைத்தியசாலையே ஒழுங்கு செய்யவேண்டும்.

பணம் கொடுக்க முன் கேளுங்கள்

ஒட்சிசன் சிகிச்சைக்குப் போகும்படி யாராவது சொன்னால், காசைக் கட்ட முன் இந்தக் கேள்விகளுக்கு விடை பெறுங்கள்.

- எனது காது போய் எத்தனை நாள்? ஒரு மாதம் கடந்துவிட்டதா?
- காது, மூக்கு, தொண்டை வைத்தியர் பரிசோதித்து இதைச் சொன்னாரா, அல்லது சிகிச்சையை விற்பவரே சொல்கிறாரா?
- ஸ்ரீரொயிட் மருந்து தொடங்கியாயிற்றா?
- எத்தனை தடவை, ஒரு தடவைக்கு எவ்வளவு, இடையில் நிறுத்தினால் மீதிப் பணம் திரும்புமா?
- அறைக்குள் எனக்கு ஏதும் நடந்தால் பார்க்க வைத்தியர் நிற்பாரா?

இந்தச் சிகிச்சைக்குப் பக்கவிளைவுகளும் உண்டு. அமுக்கம் கூடும்போது காது வலிக்கும். செவிப்பறை பாதிக்கப்படவும் கூடும். சிலருக்குக் கண் பார்வை தற்காலிகமாக மங்கும். மிக அரிதாக வலிப்பு வரலாம். சுவாசப்பையிலிருந்து காற்றுக் கசிந்து நெஞ்சறைக்குள் தங்கியிருப்பவர் இந்த அறைக்குள் போகவே கூடாது. நெஞ்சுக் காயம் பட்டவர்கள், உடலில் செல் துண்டு உள்ளவர்கள், ஆஸ்துமா உள்ளவர்கள் அதை முதலே சொல்ல வேண்டும். பங்கருக்குள் நெடுநாள் இருந்தவர்களுக்கு இறுக மூடிய அறை தாங்க முடியாத பயத்தைத் தரலாம். அதைச் சொல்ல வெட்கப்பட வேண்டியதில்லை. தலையில் எண்ணெய் பூசிக்கொண்டோ, தீப்பெட்டி, லைற்றர், தொலைபேசி கொண்டோ உள்ளே போகக் கூடாது. தூய ஒட்சிசனில் சிறு பொறியும் பெருந்தீயாகும்.

பழைய பாதிப்புக்கு என்ன வழி?

ஒட்சிசன் உதவாது என்றால் ஒன்றும் செய்ய முடியாது என்று எண்ண வேண்டாம்.

செல் வெடிப்பில் கிழிந்த செவிப்பறை பெரும்பாலும் சில கிழமைகளில் அல்லது மாதங்களில் தானாகவே மூடும். வருடங்கள் கடந்தும் மூடாத ஓட்டையைச் சத்திரசிகிச்சையால் அடைக்கலாம். காதில் அடிக்கடி சீழ் வடிந்தால் அதையே காரணமாகச் சொல்லி கிளினிக்குக்குப் போங்கள். அதுவரை குளிக்கும்போது வாசலின் தடவிய பஞ்சைக் காதில் வைத்துத் தண்ணீர் போகாமல் பாருங்கள்.

மயிர்க்கலங்கள் பாதிக்கப்பட்டவர்களுக்குச் செவிப்புலன் கருவி உதவும். யாழ்ப்பாணம், மட்டக்களப்பு போதனா வைத்தியசாலைகளில் காது, மூக்கு, தொண்டைப் பிரிவு உண்டு. மற்ற மாவட்டங்களில் கிளினிக் எந்த நாளில் நடக்கிறது என்று உங்கள் மாவட்ட வைத்தியசாலையில் கேட்டறியுங்கள். கருவி வாங்க வசதியில்லாதவர்கள் வைத்தியரின் சிபாரிசுக் கடிதத்துடன் பிரதேச செயலகத்திலுள்ள சமூக சேவை உத்தியோகத்தரைச் சந்தித்து உதவி கேளுங்கள். ஒருவரின் காதுக்கு அளந்து பொருத்திய கருவியை மற்றவர் போடக் கூடாது.

காது இரைச்சலை முழுதாக நிறுத்தும் மருந்து கிடையாது. ஆனால் அதன் தொல்லையைக் குறைக்கலாம். கேள்வி குறைந்தவர் செவிப்புலன் கருவி போட்டால் வெளிச் சத்தம் கூடி, இரைச்சல் பின்னுக்குப் போகும். இரவின் அமைதியில்தான் இரைச்சல் பெரிதாகத் தெரியும். படுக்கும்போது வானொலியை மெதுவாக வைத்துக்கொள்வதோ, மின்விசிறி ஓடவிடுவதோ பலருக்கு உதவுகிறது. இரைச்சலுடன் நித்திரையின்மை, திடுக்கிட்டு எழும்புதல், பழைய சம்பவங்கள் கண்முன் வருதல் இருந்தால் வைத்தியசாலையின் உளநலப் பிரிவையும் நாடுங்கள். மனம் ஆறும்போது இரைச்சலின் தொல்லையும் குறைவதுண்டு.

மிஞ்சியிருக்கும் கேள்வியைக் காப்பாற்றுவதும் முக்கியம். மர ஆலை, அரிசி ஆலை, கல் உடைக்கும் இடம் ஆகியவற்றில் வேலை செய்பவர்கள் காதுக் காப்பு அணியுங்கள். திருவிழா வெடிக்கு அருகில் பிள்ளைகளை நிறுத்தாதீர்கள். ஜென்ரமைசின், ஸ்ரெப்ரோமைசின் போன்ற சில ஊசி மருந்துகள் காதைப் பாதிக்கக்கூடும். ஏற்கெனவே காது குறைந்தவர் என்றால் ஊசி போட முன்னர் வைத்தியரிடம் சொல்லுங்கள்.

பிள்ளைகளைக் கவனியுங்கள்

ஒரு காது மட்டும் போன பிள்ளை அதைத் தானாகச் சொல்வது அரிது. கூப்பிட்டால் எதிர்த்திசையில் திரும்பிப் பார்த்தால், தொலைக்காட்சிச் சத்தத்தைக் கூட்டினால், வகுப்பில் “சொன்னது கேட்பதில்லை” என்று ஆசிரியர் குறை கூறினால், அடிக்க முன்னர் காதைப் பரிசோதியுங்கள். ஒரு காது கேட்கும் பிள்ளையை, அந்தக் காது ஆசிரியரின் பக்கம் வரும்படி முன்வரிசையில் இருத்தச் சொல்லிக் கேளுங்கள். இரு காதும் கேளாத பிள்ளைகளுக்குக் கைதடி நவீல்ட் பாடசாலை போன்ற விசேட பாடசாலைகள் உண்டு. ஊர் மாறியதால் படிப்பு விடுபட்டிருந்தாலும் சேர்ப்பதற்கு வலயக் கல்வி அலுவலகத்தை நாடுங்கள்.

நினைவில் வைத்திருங்கள்

- திடீரெனக் கேளாமற் போன காது அவசர நோய். வலி இல்லை என்று பொறுத்திருக்காதீர்கள்.
- முதலில் அரசாங்க வைத்தியசாலை, கேட்டல் பரிசோதனை, நேரத்துக்குக் குளிசை.
- ஒட்சிசன் சிகிச்சை அதற்கு மேலதிகமானது; ஒரு மாதத்துக்குள், வைத்தியரின் சொற்படி மட்டுமே. சுழியோடிகளுக்கோ அது உடனடித் தேவை.
- பழைய காது கேளாமைக்கும் பழைய இரைச்சலுக்கும் ஒட்சிசனுக்காக நகையை அடகு வைக்காதீர்கள். அந்தப் பணத்தில் செவிப்புலன் கருவி வாங்கினால் அது நாள்தோறும் உதவும்.

இந்தப் பக்கத்தை வாசித்து முடித்ததும் வீட்டிலுள்ள பெரியவர்களிடமும் பிள்ளைகளிடமும் ஒரு கேள்வி கேளுங்கள்: “இரண்டு காதும் ஒரே மாதிரிக் கேட்கிறதா?” இல்லை என்று யாராவது சொன்னால், எப்போது தொடங்கியது என்று கேட்டுத் திகதியைக் குறித்துக்கொள்ளுங்கள். வைத்தியருக்கு முதலில் தேவைப்படுவது அந்தத் திகதியே.